பிட்சிங்கில் கை தடுமாறுகிறதா? காலிலிருந்து சரிசெய்யுங்கள்

பேஸ்பாலில் பந்து தவறத் தொடங்கியதும் பிட்சரின் (பந்தெறிபவரின்) காதில் முதலில் விழுவது "முழங்கையைத் தூக்கு" என்பதுதான். அதைக் கேட்டுத் தோளைக் காதுவரை இறுக்கிக்கொண்டு எறிந்தால் வேகமும் போகும், குறியும் போகும். எறியும் விசை கால், இடுப்பு, மார்பு, தோள் என்று ஏறிக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. கீழே எங்கோ நடந்த அவசரம் கையில் வந்து தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் தேடலைக் கீழிருந்து தொடங்குங்கள். இங்கே சொல்வதெல்லாம் வலக்கை பிட்சருக்கு. இடக்கை என்றால் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள். திரும்பத் திரும்ப உயரமாக, எறியும் கைப்பக்கமே விலகினால் மார்பு முன்கூட்டியே திறந்துவிட்டது, கை பின்தங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் தாழ்ந்து மண்ணில் குத்தினால், பிட்சர் க்ளவ் (பந்து பிடிக்கும் உறை) அணிந்த கையை வெளியே வெட்டி இழுக்கிறார், தலையும் கூடவே சாய்கிறது. இரண்டும் மாறி மாறி வந்தால் கோளாறு நேரக்கணக்கில். கை சில சமயம் தாமதமாகிறது, சில சமயம் அதை ஈடுகட்டப் பாய்கிறது.

அடுத்து வீடியோ. போனின் ஸ்லோ மோஷனில், வினாடிக்கு 240 பிரேம் கிடைத்தால் நல்லது. மூன்றாம் பேஸ் பக்கமிருந்து (பேட்டரைப் பார்த்து நிற்கும் பிட்சருக்கு வலப்பக்கம்) ஒன்று, மவுண்டுக்கு (பிட்சர் நின்று எறியும் மண்மேடு) நேர் பின்னாலிருந்து ஒன்று. புத்துணர்ச்சியோடு எறிந்த ஐந்து, களைத்த பிறகு எறிந்த ஐந்து என்று எடுங்கள். முன்பாதம் முழுதாகத் தரையில் பதியும் பிரேமில் நிறுத்துங்கள். பெரும்பாலான விடைகள் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

அந்தப் படத்தில் முழங்கை இரு தோள்களையும் இணைக்கும் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். முன்கை கிட்டத்தட்ட நிமிர்ந்து, பந்து முழங்கைக்கு மேலே வந்திருக்க வேண்டும். இடுப்பு ஹோம் பிளேட்டை (பேட்டர் நிற்கும் இடம்) நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும், மார்பு இன்னும் மூன்றாம் பேஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த முறுக்கிலிருந்துதான் வேகம் பிறக்கிறது. முன்பாதம் பின்பாதத்திலிருந்து ஹோம் பிளேட்டுக்குப் போகும் கோட்டின் மேலேயோ, சற்றே மூன்றாம் பேஸ் பக்கமோ விழலாம். முதல் பேஸ் பக்கம், அதாவது இடப்பக்கம், விழுந்தால் இடுப்பு சீக்கிரம் திறந்துவிடும். மூன்றாம் பேஸ் பக்கம் அதிகம் போனால் உடலுக்குக் குறுக்கே எறிய வேண்டிவரும். எட்டு வைக்கும் தூரம் பெரியவர்களுக்குப் பொதுவாக உயரத்தில் 80 முதல் 90 சதவீதம்.

பாதம் பதியும்போது பந்து இடுப்பு உயரத்திலேயே கிடந்தால் அதுதான் தாமதக் கை. மார்பு சுழன்றுவிடும், முன்கை பின்னால் இழுபடும், முழங்கையின் உட்பக்கத் தசைநார் அந்தப் பாரத்தைத் தாங்கும். மேஜர் லீக் (வட அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் தொடர்) பிட்சர் டாமி ஜானுக்கு 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் மாற்றியமைத்தது இந்தத் தசைநாரைத்தான்.

கை ஏன் தாமதமாகிறது? பெரும்பாலும் உடல் அவசரப்படுவதால்தான். தூக்கிய கால் இறங்குவதற்குள் எடை பின்காலின் விரல்நுனிக்குப் போய், பின்முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே சாய்ந்துவிடும். எடையைப் பாதத்தின் நடுவிலும் குதிகாலிலும் வைத்துப் பழகுங்கள். சுவருக்குப் பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளி நின்று காலைத் தூக்குங்கள். தோள் படுவதற்கு முன் இடுப்பு சுவரைத் தொட வேண்டும். பந்தில்லாமல் பத்து முறை போதும். கைகள் பிரியும் நேரத்தையும் கவனியுங்கள்: தூக்கிய கால் இறங்கத் தொடங்கும்போதே பந்து க்ளவை விட்டு வெளிவர வேண்டும்.

பிறகு பந்தோடு. எட்டு வைத்த நிலையிலேயே கால்களை அகட்டி நின்று, எடையைப் பின்னே, முன்னே, மறுபடி பின்னே ஆட்டிவிட்டு 10, 12 மீட்டர் தூரத்துக்கு எறியுங்கள். பாதி வேகத்துக்குச் சற்று மேல், 15 முதல் 20 பந்து. கால் தூக்கும் சிக்கல் இல்லாததால் கையும் மார்பும் சேரும் நேரம் மட்டும் தனியாகப் பிடிபடும். துண்டைப் பிடித்து வீசும் பயிற்சியைப் பலர் நம்புகிறார்கள். சூடேற்ற அது போதும். ஆனால் பந்தின் எடையும் அது போகும் பாதையும் இல்லாமல் பிழை திருந்தியதா என்று தெரியாது.

முன்முழங்கால் பதிந்த பிறகும் மடிந்துகொண்டே போனால் கீழிருந்து வந்த விசை அங்கேயே வீணாகும். எட்டு வைக்கும் தூரத்தை அரைக் காலணி நீளம் குறைத்துக்கொள்ளுங்கள். எறிந்து முடித்ததும் முன்காலில் மூன்று வினாடி அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் முதல் வேலை காலுக்கு வலுவேற்றுவதுதான். க்ளவை வெளியே இழுக்காமல் மார்புக்கு முன்னே நிறுத்தி, மார்பை அதை நோக்கிக் கொண்டுபோங்கள்.

சமதரையில் சரியாக வந்தது மவுண்டில் மறுபடி கெடும். பயப்பட வேண்டாம். 1969 முதல் மேஜர் லீக் மவுண்டின் உயரம் 10 அங்குலம். பிட்சர் கால் பதிக்கும் ரப்பர் பலகைக்கு முன்னால் அடிக்கு ஓர் அங்குலம் சரிகிறது. பாதம் தரையைத் தொடச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது, அந்த இடைவெளியில் மார்பு திறந்துவிடுகிறது. முதல் வாரம் மவுண்டில் 15 பந்து, முக்கால் வேகத்தில் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான். வாரம் மூன்று நாள், களைப்பதற்கு முன், மூன்று நான்கு வாரம். பயிற்சிப் பந்துகளும் கைக்குச் சுமைதான். இளம் பிட்சர்களுக்கான அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 13 முதல் 16 வயதுக்கு 95 பிட்ச், 17, 18 வயதுக்கு 105. களைத்த உடம்பில் பழைய பிழைதான் ஊறும்.

முழங்கையின் உட்புறம் வலித்தாலோ, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தாலோ எறிவதை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பயிற்சியில் துல்லியம், பேட்டர் வந்து நின்றதும் சிதறல் என்றால், பயிற்சியில் எடுத்த வீடியோவையும் பேட்டர் நிற்கும்போது எடுத்ததையும் ஒப்பிடுங்கள். அசைவு ஒன்றே என்றால் உடலைத் திருத்தாதீர்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் ஸ்டீவ் பிளாஸ் 1972-ல் 19 ஆட்டங்களை வென்றவர். 1973-ல் 88 இன்னிங்ஸ் சொச்சத்தில் 84 பேரை நடக்கவிட்டார், அதாவது குறிதவறிய நான்கு பந்தால் பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுத்தார். இப்படிப்பட்டவரிடம் முழங்கை, இடுப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. கேட்சரின் க்ளவில் ஒரு புள்ளியை மட்டும் காட்டுங்கள். பேட்டரை நிற்க மட்டும் வைத்து 15 பந்து எறியட்டும். அது பழகியபின் ஸ்விங் செய்யவிடுங்கள்.