ஊட்டியில் மணந்தது கோவையில் ஏன் மாறுகிறது? வாசனை எண்ணெய் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் போனாலும் சரி, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வந்தாலும் சரி, தைலக் கடை கண்ணில் படாமல் இருக்காது. தேயிலைத்தூள், சாக்லேட், வர்க்கி எல்லாவற்றுக்கும் நடுவே சின்னச் சின்ன பாட்டில்களாக யூகலிப்டஸ், லெமன்கிராஸ், சிட்ரனெல்லா, விண்டர்கிரீன், கிராம்பு அடுக்கியிருப்பார்கள். பக்கத்து வரிசையில் ரோஜா, மல்லிகை, சந்தனம். கடைக்காரர் மூடியைத் திறந்து, "அக்கா, மோந்து பாருங்க, ஒரிஜினல்" என்று நீட்டுவார். நன்றாகத்தான் இருக்கும், வாங்கிவிடுவோம். ஊருக்குப் போய்ப் பூசினால் வேறு ஏதோ வாசனை வரும். உடனே கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏமாற்று நடப்பதும் உண்டு. ஆனால் ஒரு சொட்டுக் கலப்படம் இல்லாத எண்ணெயும் தோலில் பட்டால் மாறத்தான் செய்யும். குளிரில் ஒரு மாதிரி மாறும், வெயிலில் இன்னொரு மாதிரி மாறும். இது தெரியாததால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

முதல் தவறு பாட்டில் வாயிலேயே முகர்ந்து முடிவெடுப்பது. எந்த வாசனை எண்ணெயும் ஒரே பொருள் கிடையாது. பல பொருள்களின் கலவை அது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஆவியாகும். யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலின் கொதிநிலை 176 டிகிரி. ரோஜாவிலும் ஜெரேனியம் என்ற பூச்செடியிலும் உள்ள ஜெரேனியால் என்ற பொருள் 230 டிகிரியில்தான் கொதிக்கும். சந்தனத்தின் உயிரான சாண்டலாலுக்கு 300 டிகிரியையும் தாண்ட வேண்டும். கொதிக்க வைக்காமலே இவை மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். கொதிநிலை குறைந்தது முதலில் கிளம்பும், அவ்வளவுதான். பாட்டிலின் கழுத்தில் தேங்கி நிற்பது அந்த முதலில் கிளம்பும் கூட்டம். நாம் நாள் முழுக்கத் தோலில் சுமக்கப்போகும் மணம் அதற்குக் கீழே இருக்கிறது.

வெட்டிவேர் எண்ணெயை ஒரு சொட்டு முழங்கைக்கு உள்பக்கம் வைத்துப் பாருங்கள். தேன்போலக் கெட்டியான பழுப்பு நிற எண்ணெய் அது, சட்டென்று பரவாது. முதல் சில நிமிடங்களுக்கு உருளைக்கிழங்குத் தோலும் ஈர மண்ணும் கலந்த வாடை அடிக்கும், லேசாகப் புகையும் தெரியும். பலர் முகம் சுளித்துக் கழுவிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அரை மணி நேரம் பொறுத்தால் மண் வாடை பின்னால் போய், வேரை நீரில் ஊறப்போட்ட பானையின் குளிர்ந்த மணம் வரும். மதியத்துக்கு மேல் அதிலே ஒரு மரத்தன்மையும் இனிப்பும் சேரும். சாயங்காலம் கையை மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும், ஆனால் இருக்கும். மறுநாள் காலையிலும் சட்டைக் கையில் ஒட்டியிருக்கும். காலையில் கழுவியவருக்கு வெட்டிவேர் என்றால் அந்த உருளைக்கிழங்குத் தோல் வாடை மட்டும்தான். எந்த எண்ணெயானாலும் தோலில் வைத்து ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், நாலைந்து மணி நேரம் என்று குறைந்தது மூன்று முறை முகர்ந்த பிறகே வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். கடையில் நிற்க நேரமில்லை என்றால் கையில் வைத்துக்கொண்டு படகு ஓட்டப் போய்விட்டு, திரும்பும்போது வாங்கலாம்.

மலைக்கு வருபவர்கள் அதிகம் செய்வது அடுத்த தவறு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் ஏறக்குறைய 2,100. மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட காலையில் ஒரு எண்ணெயை முகர்ந்து பிடித்துப்போய், கீழே இறங்கி 35 டிகிரி வெயிலில் பூசுகிறோம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தப் பொருள்கள் ஆவியாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலையில் "மைல்டா நல்லா இருக்கு" என்று தோன்றியது மேட்டுப்பாளையம் தாண்டும்போதே பேருந்தில் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எடை கூடிய பொருள்களை, அதாவது சந்தனம், வெட்டிவேர், பச்சோலி போன்ற அடி மணங்களை, குளிர் இன்னும் அதிகமாக அமுக்கிவிடும். அதனால் மலைக்குளிரில் ஒரு கலவையை முகர்ந்தால் எலுமிச்சை, கற்பூர வகை மணங்கள்தான் முன்னே நிற்கும். அடியில் இருப்பது தலைகாட்டாது. அதே பாட்டில் கோவையில் திறக்கப்படும்போது அடி மணம் எழுந்து வந்து மொத்தக் கலவையையும் கனமாக்கிவிடுகிறது. மலையில் காற்றழுத்தம் குறைவு, அது ஆவியாவதைக் கொஞ்சம் தூண்டும் என்பதும் உண்மைதான். குளிரின் பிடி அதைவிடப் பெரியது. போதாததற்குக் குளிர்ந்த, உலர்ந்த காற்றில் மூக்கும் மந்தமாகிறது. சளி பிடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

மலையிலேயே வாழ்பவர்களுக்கு இதே விஷயம் தலைகீழ். மணிக்கட்டில் பூசுவது எல்லோரும் சொல்லித்தரும் வழக்கம், ஆனால் ஊட்டிக் குளிரில் வெளியே தெரியும் மணிக்கட்டு சில்லிட்டுப் போயிருக்கும். சாதாரணமாக 32, 33 டிகிரி இருக்கும் தோலின் சூடு, குளிர்காற்று படும் கையில் இருபதுகளின் தொடக்கத்துக்கே இறங்கிவிடலாம். அங்கே சந்தனத்தை வைத்தால் அது எழும்பாது. ஸ்வெட்டருக்கு உள்ளே, கழுத்துக்குக் கீழே, முழங்கை மடிப்பில் வைத்தால் உடம்புச் சூட்டில் மெதுவாக மேலே வரும். பனிக்காற்றில் வறண்டு வெளுத்த தோலில் வாசனை சீக்கிரம் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளித்துத் துவட்டிய கையோடு மணமில்லாத எண்ணெயோ வாசலினோ கொஞ்சம் தடவி, அதன்மேல் வைத்தால் நிற்கும்.

இரண்டு மணிக்கட்டையும் வைத்துத் தேய்ப்பது பற்றியும் கேட்பார்கள். தேய்த்தால் வாசனை "உடைந்துவிடும்" என்று சொல்வது மிகை, அப்படி எதுவும் உடையாது. உரசல் சூட்டில் முதல் மணம் வேகமாகப் பறந்துவிடும், அவ்வளவுதான். ஒற்றி எடுத்தால் போதும்.

ஒரே மூச்சில் பத்து பாட்டிலை முகர்வதும் வீண் வேலை. மூன்று, நான்குக்கு மேல் போனால் மூக்கு சோர்ந்துவிடும். அதற்குப் பிறகு எது தனித்துத் தெரிகிறதோ அதுவே சிறந்தது போலத் தோன்றும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே காட்டமானதாக இருக்கும். சில கடைகளில் காப்பிக்கொட்டை நீட்டுவார்கள். அதற்கெனத் தனிச் சக்தி ஒன்றும் இல்லை. வெளியே வந்து நாலு மூச்சு நல்ல காற்று வாங்குவதே போதும், மலையில் அதற்கா பஞ்சம்?

தோழிக்கு நன்றாக இருந்ததே, எனக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு உடனே "பிஎச்", அதாவது தோலின் அமிலத்தன்மை அளவு, என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆரோக்கியமான தோல் எல்லோருக்குமே லேசான அமிலத்தன்மை கொண்டதுதான். அதைவிட, தோலில் எண்ணெய்ப் பசை எவ்வளவு, எவ்வளவு சூடு, எவ்வளவு வியர்வை, என்ன சோப்பு போட்டோம் என்பவைதான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. மூக்கும் ஆளுக்கு ஆள் வேறு. சில கஸ்தூரி வகை மணங்களும் சில மர மணங்களும் சிலருக்கு அறவே தெரியாது. கணவர் "ஒரு வாசனையும் இல்லையே" என்பார், மனைவிக்குத் தலை வலிக்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

அடுத்தது கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டியது. தைலக் கடையில் இருப்பதெல்லாம் உடம்பில் பூசும் வாசனை எண்ணெய் ஆகாது. நீலகிரியில் கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது. அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் தைலம் சளிக்கும் உடம்பு வலிக்கும் உதவும். வாசனைக்காகப் பூசினால் முதல் அரை மணி நேரம் மூக்கைத் துளைத்துவிட்டுக் காணாமல் போகும். கைக்குழந்தையின் மூக்கருகிலோ முகத்திலோ அதைத் தடவவே கூடாது, மூச்சுத்திணறல் வரலாம்.

விண்டர்கிரீன் இன்னும் ஆபத்து. சோலைக்காட்டு ஓரங்களில் வளரும் சின்னச் செடி, இலையைக் கசக்கினால் வலி நிவாரணி களிம்பின் மணம் அப்படியே வரும். அந்த எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் மீத்தைல் சாலிசிலேட்தான், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இனிப்பான மிட்டாய் வாசனை வேறு அடிக்கும் என்பதால் குழந்தைகளை ஈர்க்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தோலில்கூட இதைப் பூசக்கூடாது. வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உயரமான, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

கிராம்பு, பட்டை, லெமன்கிராஸ் எண்ணெய்களை நேரடியாகத் தோலில் வைத்தால் எரிச்சல், சிலருக்குத் தடிப்பு. 10 மில்லி பாதாம் எண்ணெயில் நாலைந்து சொட்டு கலந்தால் ஏறக்குறைய இரண்டு சதவீதம் வரும், பொதுவாக அது போதும். கிராம்பு, பட்டை, லெமன்கிராஸ் மூன்றுக்கும் ஒரு சொட்டே அதிகம். கலந்ததை முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி வைத்து, ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பெர்கமோட் பழத்தின் எண்ணெய் இவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப்போகும், சிலருக்குக் கொப்புளமே வரும். குளிராக இருக்கிறதே என்று மலையில் ஏமாந்துவிடக் கூடாது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது.

விலையைப் பார்த்தும் பெயரை நம்புவது இன்னொரு பெரிய தவறு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் பூ வேண்டும். 100 ரூபாய்க்கு 10 மில்லி தூய ரோஜா எண்ணெய் எப்படிக் கிடைக்கும்? மலைப் பகுதியில் விளையும் ஜெரேனியம் ரோஜாவுக்கு நெருங்கிய மணம் தருவது, ரோஜாவில் கலப்பதற்கும் அதுவே பயன்படுகிறது. தோலில் வைத்தால் ஜெரேனியத்தில் புதினா மாதிரியான பச்சை நெடி ஒன்று முதலில் கிளம்பும், ரோஜாவில் அது இராது. ஜெரேனியத்தை ஜெரேனியம் என்றே வாங்கினால் அது அருமையான எண்ணெய், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

மல்லிகையும் அப்படித்தான். கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு வழியாக இறங்கினால் நிலக்கோட்டைப் பூச்சந்தை. மூட்டை மூட்டையாக மல்லிகை. அந்தப் பூவின் மணம் கொதி நீராவியைத் தாங்காது என்பதால் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள், அதனால்தான் விலை. மலிவான மல்லிகை எண்ணெய் பாட்டிலில் பிரமாதமாக இனிக்கும், தோலில் ஒரு மணி நேரத்துக்குள் மெலிந்துபோகும். நல்லது நேர்மாறாக நடக்கும்: நேரம் போகப் போக ஆழமாகி, இரவில் வாடத் தொடங்கிய சரத்தின் கனத்த மணத்துக்கு வரும். அந்தக் கனம் கெட்டுப்போன அறிகுறி ஆகாது. மல்லிகையில் இயற்கையாகவே உள்ள இண்டோல் என்ற பொருள் செய்யும் வேலை அது.

பழைய முறையில் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் காய்ச்சும் அத்தர் சந்தன எண்ணெயிலேயே இறக்கப்படும், ஆகவே பூவில் தொடங்கிச் சந்தனத்தில் முடியும். இப்போது பலவற்றில் சந்தனத்துக்குப் பதில் லிக்விட் பாரஃபின் போன்ற மலிவான எண்ணெய். அதில் பூ மணம் போனதும் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். மூன்று முறை முகரும் அந்தத் தோல் சோதனையே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குளிரில் எண்ணெய் உறைந்துவிட்டதே, போலி என்று நல்ல பாட்டிலைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும், ஊட்டியில் பெரும்பாலான நாள் அது அப்படித்தான் இருக்கும். தூய ரோஜா எண்ணெயும் 20 டிகிரிக்குக் கீழே மெழுகுபோலப் படிகம் கட்டும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தால் இளகிவிடும். அடுப்பின் மேல் வைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயில் வாசனை கலந்து வைத்தால் குளிர்காலத்தில் எடுக்கவே முடியாது என்பதால், மலையில் இருப்பவர்கள் கலப்பதற்குப் பாதாம் அல்லது ஜோஜோபா எண்ணெயை எடுத்துக்கொள்வது வசதி.

கம்பளி, சால்வை, மஃப்ளர் மேல் நேரடியாகப் பூசாதீர்கள். கறை படியும், அதைவிட முக்கியமாக அடி மணம் கம்பளியில் வாரக்கணக்கில் தங்கும். புதிதாகப் பூசும் எதுவும் அதோடும் விறகுப் புகையோடும் கலந்தே மூக்குக்கு வரும், புதிய எண்ணெயின் உண்மையான குணம் தெரியாது. சோதிக்கும் நாளில் துவைத்த துணி போடுங்கள்.

பாட்டில் அடர்நிறக் கண்ணாடியாக இருக்கட்டும். யூகலிப்டஸ் தைலம் சில வகை பிளாஸ்டிக்கை இளக்கும், சொட்டு மூடியின் ரப்பரையும் அரிக்கும். எலுமிச்சை வகை எண்ணெய்கள் காற்றுப் பட்டால் கெட்டு, பிறகு தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். பாதி காலியானால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள், திறந்து ஓராண்டுக்கு மேல் போனால் தோலுக்கு வேண்டாம், தரை துடைக்கும் தண்ணீரில் ஊற்றலாம். சந்தனம், வெட்டிவேர், பச்சோலிக்கு இந்தக் கவலை குறைவு. மூடி இறுக்கி இருட்டில் வைத்தால் ஆண்டுக்கு ஆண்டு கரடுமுரடு குறைந்து மெருகேறும், அதற்கு மலை வீட்டின் குளிர்ந்த அலமாரி சமவெளி வீட்டைவிட ஏற்ற இடம்.