நித்திரைக்கு நரம்பைத் தூண்டும் மிஷினா? காசு கட்ட முதல் இதைப் பாருங்கள்

கனடாவில் இருக்கிற மச்சானோ லண்டன் சித்தியோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்கள். ஒருவர் நெஞ்சடியில் ஒரு சின்ன ரிமோட்டை வைத்து அழுத்துகிறார், பிறகு குறட்டையே இல்லாமல் விடியும்வரை நித்திரை கொள்கிறார். உங்களுக்கும் சரிவரும், காசு அனுப்பவா என்று கேட்பார்கள். நல்ல மனம்தான். ஆனால் நித்திரைப் பிரச்சினை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல வருத்தங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தூண்ட வேண்டிய நரம்பு வேறு. வீடியோவில் வருவது நாக்கை அசைக்கும் நரம்பு. படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியாத கால் உளைவில் புரண்டு புரண்டு படுப்பவருக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதனால் முதல் வேலை, எந்த வருத்தம் என்று பிடிப்பது. பக்கத்தில் படுப்பவரிடம் போனைக் கொடுத்து, நீங்கள் ஆழ்ந்து நித்திரை கொள்ளும் நேரம் முகமும் நெஞ்சும் தெரிய வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், சத்தமும் பதிவாக வேண்டும். குறட்டை திடீரென்று நின்று, நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போராடி, கொஞ்ச நேரத்தில் திக்கென்று மூச்சு இழுத்தால் தொண்டை அடைபடுகிறது என்று சந்தேகப்படலாம். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு நோய் அல்லது காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போகும்போது அந்த வீடியோவைக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது நன்றாக விளங்கப்படுத்தும். பிரஷர், சுகர், பகலில் தூங்கி விழுவது, மோட்டார் சைக்கிளில் போகும்போது கண் சொருகுவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அப்புறம் நித்திரைப் பரிசோதனைக்கு எங்கே போகலாம் என்று அங்கேயே கேளுங்கள். அதில் வருகிற முக்கியமான எண் ஏஎச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தரம் மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 30 தாண்டினால் கடுமை.

அடைப்புத்தான் என்றால் முதல் வைத்தியம் சிபாப் மாஸ்க், அதாவது மிஷினிலிருந்து காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் மாஸ்க். எங்கள் வெக்கையில் முகம் வியர்த்து மாஸ்க் வழுக்கும், கரண்ட் போனால் மிஷின் நிற்கும், எல்லாம் உண்மை. ஆனாலும் மாஸ்க்கின் அளவையும் வகையையும் மாற்றிப் பார்க்காமல் இது ஏலாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாக்கு நரம்புச் சத்திர சிகிச்சை மாஸ்க்கோடு சமாளிக்கவே முடியாதவர்களுக்கானது. அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வில் 126 பேருக்குப் பொருத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஏஎச்ஐயின் நடு எண் 29 அளவிலிருந்து 9க்கு இறங்கியிருந்தது. நல்ல முடிவு, ஆனால் அவர்கள் பொறுக்கி எடுத்த ஆட்கள். மயக்க மருந்து கொடுத்து, தொண்டைக்குள் கமெரா விட்டு, அண்ணத்துக்குப் பின்னால் சுற்றிவர எல்லாப் பக்கமும் சுருங்கி மூடுகிறவர்களைச் சேர்க்கவில்லை. உடல் நிறைக்கும் எல்லை இருந்தது. ஆகவே இந்தக் கமெராப் பரிசோதனையைப் பற்றியே கதைக்காமல் ஒப்பரேஷனுக்குத் திகதி தருகிற இடமென்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் கருவியை வைப்பார்கள், ஆறின பிறகு, ஏறத்தாழ ஒரு மாதத்தில், அதை இயக்கத் தொடங்குவார்கள். படுக்கும்போது நீங்களே ரிமோட்டால் போட வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் நாக்கு மெல்ல முன்னுக்குத் தள்ளும், முதல் சில நாட்கள் விநோதமாகத்தான் இருக்கும். தூண்டலின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, திரும்பவும் நித்திரைப் பரிசோதனை செய்து சரிபார்ப்பார்கள்.

கால் உளைவுக்காரர் முதலில் இரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு, பாருங்கள். லீற்றருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ என்றால் இரும்புச்சத்துக் கொடுப்பது பற்றி வைத்தியரிடம் கேட்கலாம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறையும். தடிமனுக்குப் போடுகிற, நித்திரை வரவைக்கும் சில குளிசைகள் இந்த உளைவைக் கூட்டும். இவற்றுக்குப் பிறகுதான் முழங்காலுக்குக் கீழே கட்டி, கால் நரம்பைத் தூண்டும் பட்டி. அதற்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது.

வெறுமனே நித்திரை வராதவர்கள் காதில் மாட்டி நரம்பைத் தூண்டும் கிளிப்பை ஒன்லைனில் வாங்க அவசரப்படத் தேவையில்லை, அதற்கான ஆதாரம் இன்னும் மெலிவு. நித்திரைப் பழக்கத்தை மாற்றும் மனநல ஆலோசனைதான் அங்கே முதல் வைத்தியம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் எந்தத் தூண்டல் கருவியையும் தொடவேண்டாம்.

வெளிநாட்டில் பொருத்துவதென்றால், ஊருக்கு வந்தபின் அளவை யார் மாற்றுவார்கள், பத்துப் பதினொரு வருடத்தில் பற்றரி முடிந்தால் எங்கே போவது என்பதை முற்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். கருவியின் மாடல் எழுதிய அட்டையைப் பேர்ஸில் வைத்திருங்கள், எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.