செமஸ்டர் படிக்கப்போய் ஐரோப்பா சுற்றுகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

பிராகிலிருந்து டிரெஸ்டனுக்கு வரும் இரவுப் பேருந்து. எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். உள்விளக்குகள் எல்லாம் எரிந்தன. இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த ஜெர்மன் பெண் பாதித் தூக்கத்தில் அடையாள அட்டையை நீட்டினாள். வாங்கிப் பார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட்டார்கள். என் பக்கத்து இருக்கையில் ஹைதராபாத் பையன், என்னைப் போலவே ஒரு செமஸ்டருக்கு வந்தவன். அவன் போனை எடுத்து, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருந்ததைக் காட்டினான். போலீஸ்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "ஒரிஜினல்?" என்றார். அறையில் இருக்கிறது என்றான். பையை எடுத்துக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். அவனை விட்டுவிட்டுத்தான் பேருந்து கிளம்பியது. மறுநாள் மத்தியானம்தான் விடுதிக்கு வந்து சேர்ந்தான்.

பாஸ்போர்ட்டை வெளியூருக்கு எடுத்துப்போய்த் தொலைத்துவிடாதே, போனில் படம் இருந்தால் போதும் என்று அவனுக்குச் சொன்னது கூடத் தங்கியிருந்த ஸ்பெயின் மாணவன். நல்ல மனதோடு சொன்னதுதான். அவனிடம் தேசிய அடையாள அட்டை இருக்கிறது. அதை வைத்தே ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் போய்வரலாம். அவனுக்கு அது சரியான யோசனை.

நம் பிள்ளைகள் அங்கே செய்யும் தவறுகளில் பாதி இப்படித்தான் வருகின்றன. கூடப் படிக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்கிறோம். ஆனால் அவர்கள் பாஸ்போர்ட் வேறு, நம்முடையது வேறு. யார் எந்த யோசனை சொன்னாலும், "இது என் காகிதத்துக்கும் பொருந்துமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கீழே எழுதுவது இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா விதிகள் வேறு. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

எல்லை இல்லை என்று நினைப்பது

ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒன்றுக்கொன்று எல்லையைத் திறந்துவைக்க ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகளுக்குள், எல்லைச் சோதனை கிடையாது என்பது பொது விதி. விதிவிலக்காகச் சோதனையைத் தற்காலிகமாகத் திரும்பக் கொண்டுவர நாடுகளுக்கு அதிகாரம் உண்டு. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் அப்படிக் கொண்டுவந்தது. அதனால் நாடு தாண்டும் எந்தப் பயணத்திலும் அசல் பாஸ்போர்ட், அசல் ரெசிடென்ஸ் கார்டு (படிக்கும் நாடு கொடுக்கும் வசிப்பிட அனுமதி அட்டை) இரண்டும் உடம்போடு இருக்க வேண்டும். சட்டைக்குள் அணியும் துணிப்பை அதற்குத்தான். போனில் உள்ள படம், பாஸ்போர்ட் திருடுபோனால் போலீஸில் புகார் எழுதவும் தூதரகத்தில் காட்டவும் உதவும். எல்லையில் உதவாது.

அடுத்தது, ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஷெங்கனையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்ததில் ஷெங்கன் நாடுகள் 29 ஆகிவிட்டன. பழைய பட்டியலை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

லண்டன் இரண்டிலும் இல்லை. பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்தான் என்று டிக்கெட் எடுத்துவிட்டு, விசா வேண்டும் என்பது பிறகு தெரிந்து பணத்தை விட்டவர்கள் உண்டு. பிரிட்டனின் குடியேற்றச் சோதனை பாரிஸ் ரயில் நிலையத்திலேயே நடக்கிறது. வண்டியில் ஏறவே முடியாது. வார இறுதியில் ஆறேழு நண்பர்கள் சேர்ந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகிறார்கள் என்றால், நமக்கு மட்டும் அது பல வாரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டிய பயணம்.

விசா ஒட்டிய பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 'மல்ட்' (MULT, பலமுறை) என்று இருந்தால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பலாம். 1 என்று இருந்தால், ஒருமுறை வெளியேறினால் அந்த விசா முடிந்தது. நீண்டகால விசாவிலோ ரெசிடென்ஸ் கார்டிலோ இருப்பவர்கள், அதைக் கொடுத்த நாட்டைத் தவிர மற்ற ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். வார இறுதிப் பயணங்களில் இந்த எண்ணிக்கையை யாரும் தொடுவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: விசா முடியப்போகிறது, கார்டு இன்னும் வரவில்லை, கையில் ஒரு தற்காலிகத் தாள் மட்டும் இருக்கிறது என்ற இடைப்பட்ட காலத்தில். அந்தத் தாளை எல்லா நாட்டு அதிகாரிகளும் ஒரே மாதிரி ஏற்பார்கள் என்று நம்பி எல்லை தாண்டக்கூடாது. அதைக் கொடுத்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பிரான்ஸுக்குப் போகிறவர்கள் நீண்டகால விசாவை, வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும். அதை மறந்து வெளியே போனவர்கள் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

விலை குறைந்த விமானம்

பட்ஜெட் விமானங்களில் நமக்கென்று ஒரு கூடுதல் வேலை உண்டு. ஐரோப்பியர்கள் போனில் போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பாஸ்போர்ட் என்றால், சில நிறுவனங்களில் முதலில் கவுண்டருக்குப் போய் விசாவையும் கார்டையும் காட்ட வேண்டும். முன்பதிவு மின்னஞ்சலில் இது சின்ன எழுத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். ஒரு விமானத்தில் ஏறும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணை இதற்காகவே ஓரமாக நிறுத்தினார்கள். கவுண்டர் பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருந்தது. போய்த் திரும்ப நேரம் இல்லை. விமானம் அவளுக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

நகரத்தின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் போடுவது இன்னொரு தவறு. பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. ஃபிராங்ஃபர்ட் ஹான், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கி.மீ. மெம்மிங்கன் மியூனிக்கிலிருந்து 100 கி.மீ.க்கு மேல். போக வர பேருந்துக் கட்டணம், அதிகாலை விமானம் என்றால் முந்தைய இரவுத் தங்கல், பையின் கூடுதல் கட்டணம் இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், 20 யூரோ விமானத்தைவிட 50 யூரோ ரயில் பலமுறை மலிவாக முடியும். பை விஷயத்தில் அளவுகோலை வைத்து வீட்டிலேயே அளந்துவிடுங்கள். அனுமதிக்கும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்டில் இருக்கும் இரும்புக் கூண்டில் பை நுழையவில்லை என்றால், டிக்கெட்டைவிடப் பைக்கு அதிகம் கட்ட வேண்டி வரும்.

ரயில்

பல நாட்டு ரயில்களில் ஒரே பாஸில் போக யூரெயில், இன்டர்ரெயில் என்று இரண்டு உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே பாஸ்தான். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். இதை முடிவுசெய்வது பாஸ்போர்ட் இல்லை, நீங்கள் வசிக்கும் நாடு. ரெசிடென்ஸ் கார்டோடு ஜெர்மனியில் இருப்பவர் இந்தியர் என்பதாலேயே யூரெயில் வாங்கக்கூடாது. இன்டர்ரெயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸ் வெளியே போக ஒருமுறை, திரும்ப ஒருமுறை மட்டுமே செல்லும். படிக்கும் நாட்டைச் சுற்றிப் பார்க்க அதை வாங்கினால் பணம் வீண்.

பாஸ் இருந்தால் எந்த வண்டியிலும் ஏறலாம் என்பதும் சரியில்லை. பிரான்ஸின் அதிவேக டி.ஜி.வி., இத்தாலி, ஸ்பெயின் அதிவேக வண்டிகள், லண்டன் போகும் யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றிலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாஸ்காரர்களுக்கான இடங்கள் சில வண்டிகளில் கொஞ்சம்தான். கோடை விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பெரும்பாலும் முன்பதிவு இல்லாமலே ஏறி உட்காரலாம். பாஸை எந்தப் பக்கம் பயன்படுத்துவது என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஜெர்மனியில் படித்தால் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பாஸ் பெரிய வரம். 2023 மே மாதத்தில், மாதத்துக்கு 49 யூரோ என்று வந்தது, 2025இல் 58, 2026இல் 63 ஆயிற்று. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இன்னும் குறைவு. நாடு முழுக்க உள்ளூர் பேருந்து, மெட்ரோ, வட்டார ரயில்கள் எல்லாம் அதில் அடக்கம். ஐ.சி.இ., ஐ.சி. என்ற நீண்டதூர விரைவு வண்டிகள் அடங்காது. ஒரே நடைமேடையில் இரண்டும் வந்து நிற்கும். பலகையைப் படிக்காமல் ஏறினால் அபராதம் 60 யூரோவிலிருந்து ஆரம்பிக்கும். இந்த டிக்கெட்டில் ஒரு நிலையம் வரை போய், அங்கிருந்து தனியாக வாங்கிய அதிவேக ரயிலைப் பிடிக்கும் திட்டம் போட்டால் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஜெர்மன் ரயில்கள் நேரத்துக்கு வரும் என்ற பழைய நம்பிக்கையை நம்பி இறங்காதீர்கள். ஒரே டிக்கெட்டில் வாங்கிய பயணம் 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் தாமதமானால் 50 சதவீதமும் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், தவறவிட்ட இரண்டாவது வண்டிக்கு யாரும் பொறுப்பில்லை.

இத்தாலியில் காகித வட்டார ரயில் டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். பிராகிலும் புடாபெஸ்டிலும் மெட்ரோவின் காகித டிக்கெட்டுக்கும் அப்படியே. டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுவது மனதைக் கஷ்டப்படுத்தும். வெளியூர்க்காரர் என்று சொன்னால் பரிசோதகர்கள் கேட்பதில்லை.

சலுகைகள்

மாணவர் சலுகை என்று எழுதியிருந்தால் அடியில் இருக்கும் வரியையும் படிக்க வேண்டும். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. அதை வாங்கிக்கொண்டு கொலோசியம் வாசலில் நின்றால் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கதை வேறு: 26 வயதுக்குக் கீழே, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) வசிக்கிறவர் என்றால் இலவசம். குடியுரிமை கேட்பதில்லை, வசிப்பிடம்தான் கேட்கிறார்கள். உங்கள் நீண்டகால விசா அல்லது கார்டு அதற்குப் போதும். இது தெரியாமல் நம் மாணவர்கள் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் நிஜமான ஆதங்கம். நேரத்தை மட்டும் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், செவ்வாயன்று மூடியிருக்கும். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் 18–25 வயது மாணவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் இலவசம், மாணவர் அட்டை போதும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடைக்காது. ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்கான டிக்கெட்டை இணையத்தில் விடுகிறார்கள்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. செக், ஹங்கேரி, போலந்து, சுவிட்சர்லாந்தில் யூரோ இல்லை. ஏ.டி.எம். இயந்திரம் "உங்கள் நாணயத்தில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதம் உங்கள் வங்கியுடையது. இல்லையென்றால் இயந்திரக்காரர் வைத்த விலை. போனும் அப்படித்தான். ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் 2017 ஜூனில் ஒழிந்தது; சுவிட்சர்லாந்துக்கு அது செல்லாது. சுவிஸ் எல்லை நகரமான பாசலில் ரயில் நிற்கும்போதே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

எத்தனை நாடு?

நான்கு நாளில் மூன்று தலைநகரம் என்று போகிறவர்களை நிறையப் பார்த்தேன். இரண்டு இரவு பேருந்தில், ஓர் இரவு பன்னிரண்டு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில். திங்கட்கிழமை வகுப்பில் தூங்குவார்கள். எந்த ஊரில் எந்தத் தேவாலயத்தைப் பார்த்தார்கள் என்று அவர்களுக்கே குழம்பும். ஒரு நாளுக்கு ஓர் ஊர் என்று போட்டால், பார்ப்பதைவிடப் பையைத் தூக்கி நடக்கும் நேரம் கூடிவிடுகிறது. நான் வியன்னாவில் மூன்று நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ஞாயிறு. ஆஸ்திரியாவில் கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே அரிசியும் தயிரும் வாங்கி வைத்திருந்தேன். ஹாஸ்டல் அடுப்பில் சோறு வடித்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு டான்யூப் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் செமஸ்டரில் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கும் பகல் அது.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் வரும். போன் தானாக மாறிவிடும். மேசைக் கடிகாரத்தில் அலாரம் வைத்தவர்கள் மார்ச்சில் காலை ரயிலை விடுவார்கள்.

கடைசியாக, தேர்வுகள் முடிந்தபின் போடும் பெரிய பயணம். அமெரிக்க, கொரிய, பிரேசில் மாணவர்கள் செமஸ்டர் முடிந்ததும் மாதக்கணக்கில் சுற்றுவார்கள். விசா இல்லாமலே 90 நாள் வர அவர்களுக்கு அனுமதி உண்டு. "நீயும் வா" என்று கூப்பிடுவார்கள். நமக்கு விசாவிலோ கார்டிலோ அச்சிட்ட கடைசித் தேதிதான் கடைசித் தேதி. அதற்குப் பிறகு சுற்றுலாவுக்கென்று 90 நாள் தானாகக் கிடைக்காது. ஒரு நாள் கூடத் தங்கினாலும் பதிவில் ஏறும். பிறகு மேற்படிப்புக்கு விசா கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பயணத்தை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் போடுங்கள். ஊர் திரும்பும் விமானத்தைக் கடைசி நாளில் வைக்காமல் மூன்று நான்கு நாள் முன்பே வையுங்கள். வேலைநிறுத்தமோ பனிப்புயலோ வந்தால் அந்த நாட்கள் தேவைப்படும்.