600 கிராம் கம்பி எவ்வளவு இடம் பிடிக்கும்?

எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் வேலைக்கு வந்த புதிதில் 1 எச்பி மோட்டார் ஒன்று எரிந்து வந்தது. ரன்னிங் காயிலை, அதாவது மோட்டார் ஓடும்போது வேலை செய்யும் முக்கியச் சுற்றை, வெட்டி எடுத்து நிறுத்தேன்: 600 கிராம். அதே 22 கேஜ் தடிமனில் 600 கிராம் செம்புக் கம்பி வாங்கிச் சுற்றினேன். கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை, கம்பி தீர்ந்துவிட்டது. பழைய கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அலுமினியம்! மேலே பூசிய எனாமல் நிறத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

கடையில் கம்பியை எடை போட்டுத்தான் தருவார்கள். ஸ்லாட்டுக்கு எடை தெரியாது, இடம்தான் கணக்கு. அதற்கு ஒரு வகுத்தல் போதும். கிராமில் உள்ள எடையை உலோகத்தின் அடர்த்தியால் வகுத்தால் கன அளவு சிசியில் (கன செ.மீ.) வரும். அலுமினியத்துக்கு 2.7, செம்புக்கு 8.96.

600 ÷ 2.7 = 222 சிசி. நான் வாங்கிய செம்போ 600 ÷ 8.96 = 67 சிசிதான். அப்புறம் எங்கே நிரம்பும்? 222 சிசிக்குச் செம்பு வேண்டுமென்றால் திருப்பிப் பெருக்கணும்: 222 × 8.96, கிட்டத்தட்ட 2 கிலோ. வாடிக்கையாளரிடம் 600 கிராமுக்கு விலை சொல்லியாகிவிட்டது, மீதி 1.4 கிலோ என் கையிலிருந்து போனது.

எடையைக் கிலோவில் போட்டால் விடை லிட்டரில் வரும். 0.222 என்று பார்த்துப் பதற வேண்டாம்.

நிறுக்கும் முன் ஸ்லாட் பேப்பர், கட்டுநூல், வார்னிஷ் கட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 30 கிராம் குப்பையை அலுமினியம் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் செம்பு 100 கிராம் கூடுதலாக வாங்குவீர்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்டிங் காயிலைத் தனியாக நிறுங்கள், அது வேறு கேஜாக இருக்கும்.

என்ன உலோகம் என்றே சந்தேகமா? 100 கிராம் கம்பியைத் துண்டாக்கி, அளவுக் கோடு போட்ட ஜாடித் தண்ணீரில் போட்டு, குமிழி போக ஆட்டுங்கள். தண்ணீர் 11 சிசி ஏறினால் செம்பு, 37 ஏறினால் அலுமினியம்.

கன அளவு கையில் இருந்தால் நீளமும் கிடைக்கும். 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.711 மி.மீ., குறுக்குப் பரப்பு 0.397 சதுர மி.மீ. 222 சிசி என்பது 2,22,000 கன மி.மீ.; வகுத்தால் சுமார் 560 மீட்டர். ஒரு சுற்றின் நீளத்தை நூல் வைத்து அளந்து, அதால் வகுத்தால் மொத்தச் சுற்று எத்தனை என்று ஏறக்குறைய வந்துவிடும். காயிலை வெட்டும் முன் சுற்றை எண்ண மறந்தவனுக்கு வேறு வழியில்லை. நானும் மறந்திருக்கிறேன்.