மட்டக்களப்பில் முஸ்லிம் அயலவரிடையே சாட்சியாக வாழ்தல்: சபையாருக்குச் சில நடைமுறைகள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. தாக்குதல்களை வழிநடத்திய சஹ்ரான் காத்தான்குடிக்காரன். அதனால் காத்தான்குடி என்ற பெயரைக் கேட்டாலே பல கிறிஸ்தவ வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. அவனைப் பற்றி முன்பே முறையிட்டவர்களில் அந்த ஊர் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் அவன் குழு சூஃபி முஸ்லிம்களோடு மோதிய பிறகு அவன் தலைமறைவாகிவிட்டான். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர்களும் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் புண் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் அயல் வீட்டுப் படலையைத் திறக்க வேண்டும்.

முதல் வேலை பேச்சு அல்ல, வீட்டுக்குப் போய்வருவது. மௌத்துச் (மரணச்) செய்தி கேட்டால் அன்றே போங்கள். ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) பெரும்பாலும் அன்றே, பிந்தினால் மறுநாள் எடுத்துவிடுவார்கள். "காக்கா (அண்ணா), எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மலர்வளையம், மெழுகுதிரி, பாட்டு எதுவும் வேண்டாம். மையவாடிக்கு (அடக்கம் செய்யும் இடத்துக்கு) போகும் ஆண்கள் தொழுகை வரிசைக்கு வெளியே அமைதியாக நின்றால் போதும். பெண்கள் வீட்டுக்குள் பெண்களோடு இருக்கட்டும். கதிரை, தண்ணீர்ப் போத்தல், தேயிலை, சீனி, பாண், வாழைப்பழம் கொடுங்கள். சமைத்த இறைச்சி கொடுக்காதீர்கள். கொரோனா நாட்களில், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை, முஸ்லிம் உடல்கள் அரச உத்தரவால் கட்டாயமாக எரிக்கப்பட்டன. கிறிஸ்தவர்களின் உடல்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான இந்தத் துக்கத்தைப் பேசலாம்.

நோன்பு திறக்க அழைத்தால் மஃரிப் பாங்குக்கு (மாலைத் தொழுகை அழைப்புக்கு) பத்து நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். பாங்கு சொல்லும் வரை தண்ணீர்கூடத் தொடாதீர்கள். சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) சாப்பாடு வந்தால் வலது கையால் உங்கள் முன்பக்கத்தை மட்டும் எடுங்கள். நடுவில் கைவிட்டால் மற்றவர்கள் சாப்பிடத் தயங்குவார்கள்.

நத்தாருக்கு நீங்கள் கொடுக்கும் கேக்கில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. நம் ரவைக் கேக்கில் பிராண்டி இல்லாமல் இருப்பது அரிது. கேக் மாவில் பிராண்டியை விட்டுவிட்டோம் என்பார்கள், ஆனால் முந்திரிகை வற்றலை நவம்பரிலேயே பிராண்டியில் ஊறப் போட்டிருப்பார்கள். ஆகவே அயலவருக்கென்று தனியாகச் செய்யுங்கள். பிராண்டி 4 மேசைக்கரண்டி என்றால் அதே அளவு தோடம்பழச் சாறு ஊற்றுங்கள். வனிலா எசன்ஸில் அற்ககோல் இருக்கலாம், அதற்குப் பதில் ஏலக்காய்த் தூள் போடுங்கள். ஜெலட்டின் சேர்ந்த இனிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பன்றி இறைச்சி வாட்டிய தட்டில் வேகவைக்கக் கூடாது. இந்தக் கேக் பிராண்டிக் கேக்கைப் போல மாதக்கணக்கில் நிற்காது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு செய்து உடனே கொடுங்கள். "இதுல பிராண்டி, எசன்ஸ் ஒண்டும் போடேல்ல ராத்தா (அக்கா)" என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாங்கி வைப்பார்கள், சாப்பிட மாட்டார்கள்.

விசுவாசத்தைப் பற்றி அவர்களே கேட்பார்கள். அப்போது பேதுரு சொன்னபடி "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லுங்கள். வேதாகமத்தைத் தரையிலோ காலருகிலோ வைக்காதீர்கள். பேனாவால் கோடு போட்ட பிரதியை எடுத்துப் போகவும் வேண்டாம். குர்ஆனை உயரமான இடத்தில் வைப்பவர்களுக்கு அது அவமதிப்பாகத் தெரியும். மர்யமின் (இயேசுவின் தாய் மரியாளின்) பெயரிலேயே குர்ஆனில் 19ஆம் அத்தியாயம் இருக்கிறது, பேச்சை அங்கே தொடங்குங்கள். "தேவகுமாரன்" என்றவுடன் தேவன் மனைவி மூலம் பெற்ற பிள்ளை என்ற பொருள்தான் அவர்கள் காதில் விழும். அதனால் யோவான் முதல் அதிகாரத்தின் "வார்த்தை"யிலிருந்து விளக்குங்கள். சிலுவை வரும்போது மறுப்பு வரும். ஈஸா நபி (இயேசு) கொல்லப்படவில்லை என்பது அவர்களின் நம்பிக்கை. வாதாடாமல், "எங்கட வேதத்தில இருக்கிறத வாசிச்சுக் காட்டட்டா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். நபிகள் நாயகத்தைப் பற்றி ஒரு தாழ்வான சொல்லும் வரக் கூடாது, கேலி வேண்டவே வேண்டாம். சீயோனில் இறந்த பிள்ளைகளை வாதத்துக்குப் பயன்படுத்துவது அந்தப் பிள்ளைகளுக்கே செய்யும் அநியாயம்.

ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் பேசட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் கூடாது. நிவாரணப் பொதியில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். அரிசிக்காக வந்தவர் பிரசங்கம் கேட்க வேண்டியிருந்தால் அது சாட்சியும் இல்லை, உதவியும் இல்லை. மதத்தைப் பின்பற்றும் உரிமை உண்டு, பரப்புவது அடிப்படை உரிமையல்ல என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொன்னதையும் சபை மூப்பர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் உண்மையாகவே இயேசுவைத் தேடி வந்தால் ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். திருமணம், சொத்து, உறவு எல்லாம் என்னவாகும் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும். அவரது படத்தையோ சாட்சியையோ முகநூலில் போட்டால் ஆபத்து முதலில் அவருக்குத்தான்.

பதற்றம் கிளம்பும் நாளுக்கான ஏற்பாட்டை அமைதியான நாளிலேயே செய்துவையுங்கள். போதகர், பள்ளிவாசல் தலைவர், கிராம சேவகர், பொலிஸ் நிலையம் ஆகிய நால்வரின் தொலைபேசி இலக்கங்கள் ஒரே தாளில் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அனுப்பியவரிடம், "எந்த இடம், எப்ப, நீங்க பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பகிராதீர்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மதப் பகையைத் தூண்டுவதற்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. பிறகு தொலைபேசியை எடுத்துப் பள்ளிவாசல் தலைவரிடமே நேரடியாகக் கேளுங்கள். அவரும் உங்களிடம் கேட்கலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். 2019 மே 13 அன்று மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிக்கப்பட்டதைப் போன்ற நாள் உங்கள் தெருவுக்கு வந்தால், அயல் வீட்டுப் பிள்ளைகளை எந்த வழியாக உங்கள் வீட்டுக்குள் அழைத்து வருவது, எந்த அறையில் இருத்துவது, குழந்தைக்குப் பால்மா எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.