ரவுட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்: டிராஃபிக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரியில் இணைய லைனை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து (விநாடிக்கு 100 மெகாபிட்) 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு 1,000 மெகாபிட்) உயர்த்தினோம். ஒரு வாரம் ஆகியும் விடுதி மாணவர்கள் "நெட் ஸ்லோவா இருக்கு சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பு கிராஃபைத் திறந்து பார்த்தேன். கோடு ஒருமுறைகூட 114 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறோம், வருவது பழைய வேகம்தான் என்று முடிவு செய்து, லைன் கொடுத்தவர்களுக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். அவர்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை. தவறு முழுக்க என் கிராஃபில் இருந்தது. அந்த 114 என்ற எண்ணே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கருவிகளின் கணக்கைத் தொலைவிலிருந்து படிக்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாகக் கேட்டால் ரவுட்டர் வேகத்தைச் சொல்வதில்லை. ஒரு இன்டர்ஃபேஸ் (போர்ட்) வழியாக இதுவரை எத்தனை பைட், எத்தனை பாக்கெட் (தரவுத் துண்டு) போயிற்று, எத்தனை பழுதாக வந்தது என்று எண்ணி வைத்திருப்பதைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வீட்டு மின் மீட்டரைப் போல. இந்த முறை ரீடிங்கிலிருந்து போன முறை ரீடிங்கைக் கழித்து, இடையில் போன நேரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் நாம் வேகம் என்று சொல்வது. இரண்டு மாத யூனிட்டைப் பார்த்து எந்த நாள் மாலையில் மோட்டார் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. ரவுட்டர் கணக்கில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

சுற்றிவிடும் மீட்டர்

முதலில் அந்த 114. எஸ்என்எம்பியின் பழைய பைட் கவுன்ட்டர்கள் 32 பிட் அளவுடையவை. 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 எம்பிபிஎஸ் லைன் முழுவதுமாக ஓடினால் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம் 43 விநாடி ஆகும். 1 ஜிபிபிஎஸ்ஸில் 34 விநாடி. 10 ஜிபிபிஎஸ்ஸில் மூன்றரை விநாடிகூட ஆகாது.

கண்காணிப்பு மென்பொருள் பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்ட்டரைப் படிக்கும். இடையில் ஒருமுறை சுற்றியிருந்தால் அது கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். இரண்டு மூன்று முறை சுற்றியிருந்தால் அதற்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே 300 விநாடியில் அதனால் காட்டக்கூடிய அதிகபட்ச வேகம் 114.5 எம்பிபிஎஸ். உண்மையில் 400 ஓடினால் கிராஃபில் 56 என்று வரும். மாலையில் பயன்பாடு ஏற ஏற எங்கள் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கியதற்குக் காரணம் இதுதான். பழைய 100 எம்பிபிஎஸ் லைனில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது, லைனை உயர்த்திய அன்றுதான் எழுந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு 1990களிலேயே வந்துவிட்டது. பெயரில் 'எச்சி' என்ற இரண்டெழுத்து சேர்ந்த 64 பிட் கவுன்ட்டர்கள் அவை. எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் இவற்றைப் படிக்க முடியாது, 2சி அல்லது 3 வேண்டும். பழைய கருவியில் முதல் பதிப்பை அப்படியே விட்டுவைத்திருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். காக்டை போன்ற மென்பொருளில் 64 பிட் கிராஃபுக்குத் தனி டெம்ப்ளேட் உண்டு, அதைத்தான் தேர்ந்திருக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள்.

இதே குறை வேகத்தைச் சொல்லும் இடத்திலும் உண்டு. இன்டர்ஃபேஸின் வேகத்தை பிட் கணக்கில் சொல்லும் பழைய எஸ்என்எம்பி மதிப்பும் 32 பிட்தான். அதனால் 10 ஜிபிபிஎஸ் போர்ட் அதில் 4.29 ஜிபிபிஎஸ் என்றே தெரியும். அதை வைத்து சதவீதம் போட்டால் பாதிகூட நிறையாத போர்ட் நிரம்பி வழிவதாகத் தெரியும். மெகாபிட் கணக்கில் வேகத்தைச் சொல்லும் புதிய மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சராசரி மறைப்பது

சிஸ்கோ ரவுட்டரில் 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' கட்டளை கொடுத்தால், '5 நிமிட உள்வரும் வேகம்' என்று ஒரு வரி வரும். அது கடைசி 5 நிமிடத்தின் நேரான சராசரி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பழைய மதிப்பு மெல்ல மெல்லக் கரைந்து, புதியது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வகைச் சராசரி அது. டிராஃபிக் திடீரென்று 500 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏறி அப்படியே நின்றால், 5 நிமிடம் கழித்து அந்த வரி ஏறக்குறைய 316 என்றுதான் காட்டும். உண்மையான மதிப்பை இரண்டு சதவீத வித்தியாசத்துக்குள் நெருங்க 20 நிமிடம் வேண்டும். பிரச்சினை நடக்கும்போதே உள்ளே நுழைந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு "டிராஃபிக் அவ்வளவு இல்லையே" என்று சொல்வது எத்தனை ஆபத்து என்று இதிலிருந்தே புரியும். இன்டர்ஃபேஸின் கீழ் 'லோட்-இன்டர்வல் 30' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அதே நெருக்கம் 2 நிமிடத்தில் கிடைக்கும். முக்கியமான எல்லா போர்ட்டிலும் நான் இதை முதல் நாளே போட்டுவிடுவேன். ஜூனிப்பர் ரவுட்டரில் 'மானிட்டர் இன்டர்ஃபேஸ் டிராஃபிக்' கொடுத்தால் எல்லா போர்ட்டின் கணக்கும் சில விநாடிக்கு ஒருமுறை கண்முன்னே மாறிக்கொண்டிருக்கும்.

30 விநாடிச் சராசரியும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. 1 ஜிபிபிஎஸ் போர்ட் ஒன்று 3 விநாடி முழுக்க நிரம்பி, மீதி 297 விநாடி சும்மா இருந்தால் 5 நிமிடச் சராசரி வெறும் 10 எம்பிபிஎஸ். கிராஃபில் ஒரு சதவீதம். ஆனால் அந்த 3 விநாடியில் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பி பாக்கெட்டுகள் கீழே போயிருக்கும், ஒருவருடைய வீடியோ அழைப்பு அறுந்திருக்கும். இந்தக் குறுகிய வெடிப்புகளைப் பிடிக்க வேகக் கிராஃப் உதவாது. வெளியேறும் பக்கத்தில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை, அதாவது அவுட்புட் டிராப்ஸை, வேகக் கிராஃபுடன் இன்னொரு கிராஃபாகப் போட வேண்டும். வேகம் தாழ்ந்திருந்து டிராப் ஏறினால், வெடிப்பு நடக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம்.

அப்புறம், ஆண்டுக் கிராஃபை வைத்துக்கொண்டு லைன் வாங்கத் திட்டமிடுவது. டோபியாஸ் ஓட்டிக்கர் 1995இல் வெளியிட்ட எம்ஆர்டிஜி என்ற டிராஃபிக் கிராஃப் மென்பொருளின் காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் தொடர்கிறது. அதில் நாள் கிராஃப் 5 நிமிடச் சராசரி, வாரத்துக்கு 30 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு ஒரு முழு நாள். தினமும் இரவு 7 மணி முதல் 11 வரை லைன் நூறு சதவீதம் நிரம்பி, மற்ற நேரத்தில் 20 சதவீதம் ஓடினால், ஆண்டுக் கிராஃபில் அது 33 சதவீதமாகத் தெரியும். "மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கிறதே, எதற்கு உயர்த்த வேண்டும்?" என்று நிர்வாகம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாம் கொடுத்த படம் அப்படி. உச்ச மதிப்பையும் தனியாகச் சேமித்து, இரண்டு கோட்டையும் ஒன்றாகக் காட்டுங்கள்.

சிறியவை, ஆனால் அடிக்கடி நடப்பவை

பைட்டும் பிட்டும் குழம்புவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கவுன்ட்டர் பைட்டில், லைன் பிட்டில், இடையில் 8ஆல் பெருக்க வேண்டும். திசை குழம்புவதுதான் அதிகம். உள்ளே, வெளியே என்பதெல்லாம் ரவுட்டரின் பார்வையில். உள் நெட்வொர்க் பக்க போர்ட்டில் உள்ளே வருவது பயனரின் அப்லோடு, இணையப் பக்க போர்ட்டில் உள்ளே வருவது அவருடைய டவுன்லோடு. போர்ட்டுக்கு விளக்கப் பெயர் எழுதும்போதே எந்தப் பக்கம் என்று சேர்த்து எழுதிவிட்டால் நள்ளிரவில் தலை சுற்றாது. இரண்டு திசையையும் கூட்டி சதவீதம் போடுவதும் தவறுதான். ஃபுல் டூப்ளெக்ஸில், அதாவது ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஓடும் முறையில், ஒவ்வொரு திசைக்கும் முழு வேகம் தனியாக உண்டு.

சிஸ்கோவில் 'பேண்ட்வித்' என்ற கட்டளை லைனின் வேகத்தை மாற்றாது. ரவுட்டிங் கணக்குக்கும் 255க்கு எவ்வளவு என்று காட்டும் லோடு எண்ணுக்கும் அது அடிப்படை. யாரோ எப்போதோ போட்ட எண் அங்கே இருந்தால் லோடு முழுக்கத் தப்பாக வரும்.

இரண்டு 1 ஜிபிபிஎஸ் போர்ட்டைச் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டிருந்தால், கட்டின் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். முகவரி, போர்ட் எண் இவற்றைக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு தொடர்பும் ஒரு கம்பிக்குப் பிரித்துவிடப்படுகிறது. மொத்தம் 1.2 ஜிபிபிஎஸ் என்று நிம்மதியாகத் தெரியும்போதே ஒரு கம்பி நிரம்பியும் இன்னொன்று 200 எம்பிபிஎஸ்ஸிலும் இருக்கலாம்.

பாக்கெட் எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. 64 பைட் அளவுள்ள சிறு ஃப்ரேம்கள் (ஈதர்நெட்டில் பாக்கெட்டைச் சுமக்கும் உறைகள்) மட்டுமே ஓடினால் 1 ஜிபிபிஎஸ் ஈதர்நெட் லைன் விநாடிக்கு 14,88,095 ஃப்ரேமில் முழுதாக நிரம்பிவிடும். ஆனால் பைட் கணக்கு 762 எம்பிபிஎஸ் என்றே சொல்லும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முன்னால் வரும் 8 பைட்டும் இடைவெளியாகப் போகும் 12 பைட் நேரமும் அதில் சேராது. லைன் நிரம்புவதற்கு முன்பே பல ரவுட்டர்களின் பிராசசர் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். சின்னப் பாக்கெட் வெள்ளத் தாக்குதல்கள் பிட் கிராஃபில் மேடு போலத் தெரியாமலே போவதுண்டு.

ரவுட்டரை மறுபடி இயக்கினால் கவுன்ட்டர் பூஜ்யமாகும். அதை 'ஒரு சுற்று முடிந்தது' என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் கிராஃபில் வானளவு ஒரு ஊசி நிற்கும். சில ரவுட்டர்களில் போர்ட்டுகளின் எஸ்என்எம்பி எண்களும் இடம் மாறி, விடுதியின் கிராஃபில் நூலகத்தின் டிராஃபிக் ஓடும். அந்த எண் மாறாமல் இருக்க அமைப்பு உண்டு, போட்டு வையுங்கள். எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போல இருக்கும் 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயரை அப்படியே விடவே கூடாது. உங்கள் நெட்வொர்க்கின் முழுக் கணக்கையும் யாரும் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவைப்பது அது.

பிழை எண்களைப் படிப்பது

"12,000 சிஆர்சி பிழை இருக்கிறது, கேபிளை மாற்றுங்கள்" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனை நாளில் என்பதைத்தான். சிஆர்சி பிழை என்பது வழியில் பழுதாகி வந்த ஃப்ரேம். சிஸ்கோவில் கவுன்ட்டர் கடைசியாக எப்போது அழிக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அது 'நெவர்' என்று இருந்தால், ரவுட்டர் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கு அது. போன வருடம் ஒரு மழை நாளில் நடந்த கோளாறின் மிச்சமாகவும் இருக்கலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். எண் ஏறுகிறதா, ஏறினால் எவ்வளவு என்பதுதான் செய்தி.

பார்த்ததும் 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' அடிப்பவர்கள், அதற்கு முன் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். அழித்த பிறகு அந்தச் சான்று திரும்ப வராது. சிஸ்கோவில் இந்தக் கட்டளை திரையில் வரும் எண்ணை மட்டுமே அழிக்கும், எஸ்என்எம்பி படிக்கும் எண் அப்படியே இருக்கும். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று பிறகு குழம்ப வேண்டாம்.

சிஆர்சி பிழை பதிவாவது பெற்றுக்கொள்ளும் பக்கத்தில். பழுது பெரும்பாலும் கம்பியிலோ எதிர்முனையிலோ இருக்கும். பிழை தெரியும் போர்ட்டையே மறுபடி மறுபடி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. முதலில் ஃபைபர் முனையைத் துடைத்து, எதிர்முனை எஸ்எஃப்பியை (போர்ட்டில் செருகும் ஃபைபர் மாட்யூலை) மாற்றிப் பாருங்கள்.

எங்கள் கல்லூரிக் கதையும் இங்கேதான் முடிந்தது. 64 பிட் கவுன்ட்டருக்கு மாற்றியதும் பிரதான லைனில் மாலையில் 400 எம்பிபிஎஸ் ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. லைன் நன்றாகவே இருந்தது. ஆனால் விடுதிக்காரர்களின் புகார் நிற்கவில்லை. விடுதிக்குப் போகும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் வேகம் 30க்கு மேல் ஏறவில்லை, நிரம்பவும் இல்லை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்தபோது சிஆர்சி எண் சில நூறு ஏறியிருந்தது. யாரோ பல வருடம் முன்பு ரவுட்டர் போர்ட்டை 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் கட்டிவைத்திருந்தார்கள். எதிரே இருந்த மீடியா கன்வெர்ட்டர் (செப்புக் கம்பியையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) எதிர்முனையோடு தானாகப் பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் முடிவெடுக்கும் வகை. பேச ஆள் இல்லாததால் அது ஹாஃப் டூப்ளெக்ஸில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் ஓடும் முறையில், விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் ஃப்ரேம் மோதல்) குவிந்திருக்கும், ஆனால் அதைக் காட்ட அந்தப் பெட்டியில் வசதி இல்லை. ரவுட்டர் பக்கத்தையும் ஆட்டோவுக்கு மாற்றினேன். சிஆர்சி அந்த நிமிடமே நின்றது, அன்று இரவு விடுதி போர்ட் முதல்முறையாக 90ஐத் தொட்டது.

மறுநாள் காலை லைன் கொடுத்தவர்களை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.