அழுகண்ணிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது

யாழ்ப்பாணத்தில் பூச்சியுண்ணும் செடியான அழுகண்ணி (ட்ரொசெரா பேர்மானி) பட்டுப்போனால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். அது தாழ்நில வெக்கைக்குப் பழகிய இனம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர் மேட்டுநிலத்தில் வளரும் இன்னொரு அழுகண்ணியான ட்ரொசெரா பெல்ராற்றா இனந்தான் இங்கே நிற்காது.

கொல்வது தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் காரணம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. இச்செடியோ சத்தற்ற, புளிப்பான ஈரமணலுக்கு உரியது. தழைச்சத்தைப் பூச்சியில் எடுத்துக்கொள்ளும். ஆகவே பசளை ஒரு சிட்டிகையும் போடக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வையுங்கள். முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும். அதன்பின் பீலித் தண்ணீரைப் பிளாஸ்ரிக் பரலில் விடுங்கள். சீமெந்துத் தொட்டியில் விட்டால் மழைத்தண்ணீரிலும் சுண்ணாம்பு ஊறிவிடும். நாலைந்து சாடிக்கு 200 லீற்றர் அடுத்த மாரிவரை தாராளம். முடிந்துபோனால் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கலாம். அமிலம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள்.

மண்ணுக்குப் பீற் மொஸ்ஸும் (சதுப்புநிலப் பாசி மக்கு) மணலும் சரிபாதி. கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். எந்த மணலானாலும் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சிறு இரைச்சலோடு நுரைத்தால் அது உதவாது. பீற் கிடைக்காவிட்டால் தும்புத்தூள், ஆனால் மழைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதை மூன்று தரமாவது செய்யவேண்டும்.

தை மாதம், அடைமழை ஓய்ந்தபின் விதையுங்கள். தூள் போன்ற விதையை மேலே தூவினால் போதும், மூடினால் முளைக்காது. அடியில் துளையுள்ள 10 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் சாடியை, ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும் தட்டில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் முளைக்கும். காலை வெயில் நேரே படட்டும். உச்சி வெயிலுக்கு மட்டும் நிழல்வலை. தட்டுத் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும். ஐந்து நாளுக்கொருமுறை ஊற்றிவிட்டுத் தட்டை உரசிக் கழுவுங்கள்.

வளர்ந்த செடியின் குறுக்களவு இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். இலையில் ஒரு சிற்றெறும்பு ஒட்டினால் விளிம்பின் நீண்ட மயிர்கள் சில வினாடிக்குள் உள்ளே மடியும். இறைச்சித் துண்டு வைக்காதீர்கள், இலை அழுகும்.

இலையில் பசைத்துளி காணாவிட்டால் முதலில் வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். மண்மேல் வெள்ளை பூத்திருந்தால் தண்ணீரில் பிழை; உடனே புது மண்ணுக்கு மாற்றுங்கள். பூத்துக் காய்த்தபின் செடி பட்டுப்போவது இயல்பு. வெள்ளைப் பூ தானே கருக்கட்டும். காம்பு காய்ந்ததும் கடதாசிமேல் தட்டி, கறுப்பு விதையை மடித்து அடுத்த தைக்கு வையுங்கள்.